வயது கூடினால் உரிமம் குறையுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூத்த வாசகர்களிடமிருந்தும் அவர்களுடைய பிள்ளைகளிடமிருந்தும் ஓட்டுநர் உரிமப் புதுப்பிப்பைப் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் தெளிவான ஒன்றை மட்டும் வெளியிடுகிறோம்.

கேள்வி: 53 வயதில் உரிமத்தைப் புதுப்பித்த என் நண்பருக்கு 7 ஆண்டுகள் கிடைத்தன. 56 வயதில் புதுப்பித்த எனக்கு 5 ஆண்டுகளே தந்திருக்கிறார்கள். இது அலுவலகத்தின் பிழையா? 70 வயதுக்கு மேல் உரிமமே கிடைக்காது என்று நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் சொல்கிறார்களே, அது உண்மையா?

பதில்: பிழை இல்லை, இருவருக்கும் சட்டப்படியே கணக்கிட்டிருக்கிறார்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமத்தின் காலத்தை வரையறுக்கும் 14ஆவது பிரிவு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது மாற்றி எழுதப்பட்டது. அதற்கு முன், சொந்த வாகனம் ஓட்டுவதற்கான உரிமம் 20 ஆண்டுகளுக்கோ 50 வயது நிறையும் நாள் வரைக்கோ, எது முந்துகிறதோ அதுவரை செல்லுபடியாகும். 50 வயதைக் கடந்த பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இப்போதைய விதியின்படி, உரிமம் பெறும் அல்லது புதுப்பிக்கும் நாளில் 30 வயது நிறையாதவருக்கு 40 வயது வரையிலும், 30 நிறைந்து 50 நிறையாதவருக்குப் 10 ஆண்டுகளுக்கும், 50 நிறைந்து 55 நிறையாதவருக்கு 60 வயது வரையிலும், 55 நிறைந்தவருக்கு 5 ஆண்டுகளுக்கும் உரிமம் வழங்கப்படுகிறது. உங்கள் நண்பர் மூன்றாவது வகையில் வருகிறார், நீங்கள் நான்காவது வகையில் வருகிறீர்கள்.

முதல் பார்வையில் இது குழப்பமாகத் தோன்றினாலும், வகைகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களைக் கவனித்தால் கணக்கின் ஒழுங்கு தெரியும். 50 வயது நிறைந்த அன்று புதுப்பிப்பவருக்கு 60 வயது வரை, அதாவது 10 ஆண்டுகள் கிடைக்கும். அதற்கு முந்தைய நாள் புதுப்பித்திருந்தாலும் அவருக்கு அதே 10 ஆண்டுகள்தான். 54 வயதில் புதுப்பிப்பவருக்கு 6 ஆண்டுகள், 55 வயதில் 5 ஆண்டுகள் என்று காலம் படிப்படியாகக் குறைந்து, 5 ஆண்டுகளில் வந்து நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு, 65 ஆனாலும் 85 ஆனாலும், ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் 5 ஆண்டுகள் என்பதில் மாற்றம் இல்லை.

70 வயதைப் பற்றிய பேச்சுக்குச் சட்டத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. வாகனம் ஓட்டத் தொடங்குவதற்கான வயதைச் சட்டம் வரையறுக்கிறதே தவிர, நிறுத்த வேண்டிய வயது என ஒன்றை எந்தப் பிரிவும் குறிப்பிடவில்லை. வயது என்பது உரிமத்தின் காலத்தைத் தீர்மானிக்கும் அளவுகோல் மட்டுமே. ஓட்டும் தகுதியைத் தீர்மானிப்பது உடல்நிலை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து புரிந்துகொள்வதே நமக்கு வந்த கடிதங்களில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று தோன்றுகிறது.

கேள்வி: என் உரிமம் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகின்றன. ஒரு மாதச் சலுகைக் காலம் உண்டு என்று நினைத்து முதலில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கவனிக்காமல் விட்டுவிட்டேன். இப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: காலாவதியான பின் 30 நாட்கள் உரிமம் உயிரோடு இருக்கும் என்ற சலுகை முன்பு இருந்தது, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அட்டையில் உள்ள தேதிக்கு மறுநாளே நீங்கள் உரிமம் இல்லாதவர் ஆகிவிடுகிறீர்கள். அந்த நிலையில் ஓட்டினால் 181ஆவது பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வாகனம் வேறொருவர் பெயரில் இருந்து, அவர் தெரிந்தே உங்களிடம் அதைக் கொடுத்திருந்தால், 180ஆவது பிரிவின்படி அவருக்கும் அதே அளவு தண்டனை உண்டு என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. மகன் அல்லது மகள் பெயரில் உள்ள காரை ஓட்டும் பெற்றோர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

அதே திருத்தம் இன்னொரு பக்கத்தில் தாராளமாகவும் இருக்கிறது. காலாவதித் தேதிக்கு ஓராண்டு முன்பிருந்து, அத்தேதிக்குப் பின் ஓராண்டு வரை எப்போது வேண்டுமானாலும் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அந்த ஓராண்டையும் தாண்டிவிட்டால், ஓட்டுநர் தேர்வில் மீண்டும் தேர்ச்சி பெற்றாலன்றி உரிமம் புதுப்பிக்கப்படாது. அதாவது நாற்பது ஆண்டுகளாக ஸ்கூட்டர் ஓட்டியவரும் ஆய்வாளர் முன்னிலையில் எட்டு போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே மாதங்களை எண்ணிப் பார்த்து, 12க்குள் இருந்தால் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். புதிய அட்டை கைக்கு வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலாவதியான உரிமத்தோடு ஓட்டி விபத்து நேர்ந்தால், பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னர் அந்தத் தொகையை வாகன உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி காப்பீட்டு நிறுவனத்துக்கு நீதிமன்றம் ஆணையிடலாம். உச்ச நீதிமன்றம் 2004இல் அளித்த ஒரு தீர்ப்பைத் தொடர்ந்து தீர்ப்பாயங்கள் பின்பற்றிவரும் வழி இது. பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைத்துவிடுகிறது. ஆனால் ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அந்த வசூல் எவ்வளவு பெரிய சுமையாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு வயது 66. சில ஆண்டுகளுக்கு முன் கண் அழுத்த நோயால் இடது கண்ணில் பார்வையை இழந்துவிட்டேன். வலது கண் கண்ணாடியோடு நன்றாக இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். மருத்துவச் சான்றிதழில் இதைக் குறிப்பிட்டால் உரிமம் மறுக்கப்படுமோ என்று அஞ்சுகிறேன். தெரிந்தவர் ஒருவர், எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தரும் மருத்துவரிடம் அழைத்துப்போவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அந்த மருத்துவரிடம் போக வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. நீங்கள் அஞ்சும் நிலைக்குச் சட்டமே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறோம். 40 வயது நிறைந்த எவரும் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது படிவம் 1-ஏ என்னும் மருத்துவச் சான்றிதழை இணைக்க வேண்டும். லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கான உரிமம் என்றால் எந்த வயதிலும் அது தேவை. இந்தச் சான்றிதழைப் பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் தர வேண்டும். இதைத் தவிர, படிவம் 1 என்று ஒரு தன்னறிவிப்பும் இருக்கிறது. அதில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் விண்ணப்பதாரர்தான். வலிப்பு நோயோ திடீர் மயக்கமோ தலைச்சுற்றலோ உண்டா, சிவப்பு நிறத்தையும் பச்சை நிறத்தையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, கை கால்களின் இயக்கத்தில் குறை உண்டா, வழக்கமான ஒலி எச்சரிக்கைகள் காதில் விழாத அளவுக்குச் செவித்திறன் குறைந்திருக்கிறதா என்று அது வரிசையாகக் கேட்கிறது. நிறங்களைப் பற்றிய விதி 2020இல் சற்றுத் தளர்த்தப்பட்டது. லேசான அல்லது நடுத்தர அளவு நிறக்குருடு உள்ளவர்களும் இப்போது உரிமம் பெறலாம்.

பார்வைக்கான அளவுகோல் எளிமையானது. நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணாடி அணிபவரானால் கண்ணாடியோடு, 25 மீட்டர் தொலைவில் நிற்கும் காரின் எண் பலகையை வாசிக்க முடிய வேண்டும். ஒவ்வொரு கண்ணாலும் அப்படி வாசிக்க முடிய வேண்டும் என்பதே பொது விதி என்றாலும், படிவத்தின் அதே வரியில் ஒரு விலக்கும் அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருக்கிறது. குறைந்தது 5 ஆண்டுகள் உரிமம் வைத்திருந்து, அதற்குப் பிறகு ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர், போக்குவரத்து வாகனம் அல்லாத இலகுரக வாகனத்துக்கு விண்ணப்பித்தால், அந்த வாகனத்தில் ஸ்டியரிங் இருக்கும் பக்கத்தில் வெளிக்கண்ணாடி பொருத்தப்பட்டிருக்கும் நிலையில், ஒரு கண்ணால் வாசித்தால் போதும். முப்பது ஆண்டுகள் ஓட்டி, அண்மையில் ஒரு கண்ணை இழந்த உங்களுக்கு இந்த வரி அப்படியே பொருந்துகிறது. எனவே உண்மையை எழுதுங்கள், விலக்கைக் கேளுங்கள்.

கண் அழுத்த நோயைப் பொறுத்தவரை, எண் பலகைச் சோதனை காட்டாத ஒன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நோய் நேர்ப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைத்துவிட்டுப் பக்கப்பார்வையைத்தான் முதலில் அரிக்கிறது. 25 மீட்டரில் எழுத்துகளைத் தடங்கலின்றி வாசிப்பவருக்கும், பக்கவாட்டிலிருந்து சாலையைக் கடக்கும் சிறுவன் கண்ணில் படாமல் போகலாம். ஆகவே வலது கண்ணுக்குப் பார்வைப் புலப் பரிசோதனை செய்து, ஓட்டலாமா என்று உங்கள் கண் மருத்துவரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள். படிவம் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் உங்களுக்கு அது படிவத்தைவிட முக்கியம். கண்புரை உள்ள மற்ற வாசகர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. கண்புரை அறுவை செய்துகொண்ட மூத்த ஓட்டுநர்கள், அதைச் செய்துகொள்ளாதவர்களைவிட ஏறத்தாழப் பாதி அளவுக்கே விபத்துகளில் சிக்கினார்கள் என்று 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. புதுப்பிப்பு நெருங்கும்போது அறுவையைத் தள்ளிப்போடுவதைவிட முன்கூட்டிச் செய்துகொள்வதே நல்லது.

இனி அந்தக் கையெழுத்தைப் பற்றி. படிவம் 1-ஏவில் விண்ணப்பதாரரைத் தாமே நேரில் பரிசோதித்ததாக மருத்துவர் உறுதி கூறுகிறார். பார்க்காமல் போடும் கையெழுத்து பொய்ச் சான்று. அதற்கு உடன்படும் விண்ணப்பதாரரும் தம்முடைய தன்னறிவிப்பில் பொய் சொன்னவர் ஆகிறார். நோயோ குறையோ இருப்பதைத் தெரிந்துகொண்டே பிறருக்கு ஆபத்தாகும் வகையில் ஓட்டுவது 186ஆவது பிரிவின்படி தனிக் குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 79 வயது. அண்மைக் காலமாகக் காரின் இரு பக்கமும் கீறல்கள். பழகிய சாலையிலேயே ஒருமுறை வழி தவறிவிட்டார். ஓட்ட வேண்டாம் என்றால் கோபப்படுகிறார். உரிமம் இன்னும் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்று அட்டையை எடுத்துக் காட்டுகிறார். சட்டப்படி நாங்கள் ஏதேனும் செய்ய முடியுமா? வெளிநாடுகளில் இதற்கு என்ன செய்கிறார்கள்?

பதில்: செய்ய முடியும். உரிமத்தின் காலம் முடிய எத்தனை ஆண்டுகள் இருந்தாலும், நோயின் காரணமாகவோ உடற்குறையின் காரணமாகவோ ஒருவர் வாகனம் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால், உரிமம் வழங்கும் அதிகாரி எந்த நேரத்திலும் அந்த உரிமத்தை ரத்துச் செய்யலாம், அல்லது உரிமத்தைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமானால் மருத்துவச் சான்றிதழைக் கொண்டுவரும்படி கேட்கலாம் என்று 16ஆவது பிரிவு கூறுகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் வயதைக் காரணமாகக் காட்டாமல், நடந்தவற்றைத் தேதியோடு குறிப்பிட்டு, மருத்துவரின் கருத்து இருந்தால் அதையும் இணைக்க வேண்டும். ஏனெனில் இந்தப் பிரிவு பேசுவது நோயையும் குறையையும்தான். ரத்து ஆணை வந்தால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் உங்கள் தந்தை மேல்முறையீடு செய்யலாம்.

இந்தப் பிரிவு சட்டத்தில் இருக்கிறதே தவிர, குடும்பத்தாரால் அதிகம் பயன்படுத்தப்படுவதாகத் தெரியவில்லை. அதற்குக் காரணமும் புரிகிறது. எங்கள் கருத்தில், அலுவலகத்துக்கு எழுதுவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பதுதான் முதல் வேலை. பழகிய சாலையில் வழி தவறுவது மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம். அதே அளவுக்கு, இரத்தத்தில் சர்க்கரை இறங்கியதாலோ, தூக்க மாத்திரையாலோ, சளிக்குக் கொடுத்த மாத்திரையின் மயக்கத்தாலோ ஏற்பட்டிருக்கலாம். பின்னவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. பிள்ளைகள் சொன்னால் அவமானமாகத் தெரியும் அதே சொல், மருத்துவர் வாயிலிருந்து வரும்போது அறிவுரையாகிவிடுவதையும் பார்க்கிறோம். கீறல்கள் பெரும்பாலும் இரவில் நேர்ந்தவையா என்றும் கவனியுங்கள். 60 வயதுக்காரரின் விழித்திரையைச் சென்றடையும் ஒளி, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்; எதிரே வரும் முகப்பு விளக்கின் கூச்சத்திலிருந்து கண் மீள்வதற்கும் வயதானவர்களுக்குக் கூடுதல் நேரம் ஆகும். இரவிலும் மழையிலும் ஓட்டுவதில்லை என்ற உடன்பாட்டுக்கு வருவது, சாவியைப் பிடுங்கி வைப்பதைவிடப் பல வீடுகளில் எளிதாக முடிகிறது.

வெளிநாடுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் 70 வயதோடு உரிமம் முடிந்து, பின்னர் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் அதற்கு மருத்துவரின் சான்றிதழ் தேவையில்லை, விண்ணப்பதாரரின் தன்னறிவிப்பே போதும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 80 வயதுக்குப் பிறகு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரில் வந்து, பார்வைச் சோதனை செய்துகொண்டு, ஒரு வகுப்பில் அமர்ந்து, நினைவாற்றலை அறியும் சிறு பயிற்சியையும் செய்து காட்ட வேண்டும். ஜப்பான் இன்னும் கடுமையானது: 70 வயதுக்கு மேல் பயிற்சி வகுப்பு, 75க்கு மேல் அறிவாற்றல் சோதனை, 2022 முதல் குறிப்பிட்ட விதிமீறல்களைச் செய்த 75 வயதினருக்கு ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு. 2019ஆம் ஆண்டு டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயது ஓட்டுநர் ஒருவர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்ததில் ஒரு தாயும் அவருடைய சிறு மகளும் உயிரிழந்தார்கள். அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் ஜப்பானியர்கள் தங்கள் உரிமத்தைத் தாங்களாகவே திருப்பிக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுப்பவருக்கு அடையாள அட்டையாகப் பயன்படும் ஒரு சான்று வழங்கப்படுகிறது. உரிமத்தை அடையாள ஆவணமாகவும் மதிப்பின் சின்னமாகவும் வைத்திருப்பவரின் மனத்தை அறிந்து செய்த ஏற்பாடு அது.

கடுமை கூடினால் பாதுகாப்பும் கூடுமா என்றால், ஆய்வுகள் அவ்வளவு எளிதாக ஆமென்று சொல்லவில்லை. 70 வயதில் மருத்துவச் சோதனையைக் கட்டாயமாக்கிய பின்லாந்தையும், அப்படி எதுவும் கேட்காத சுவீடனையும் 1990களில் ஒப்பிட்டபோது, மூத்த ஓட்டுநர்களின் விபத்து அளவில் வேறுபாடு காணப்படவில்லை. மாறாக, பின்லாந்தில் சாலையில் நடந்து சென்ற முதியவர்களின் இறப்பு கூடுதலாக இருந்தது. டென்மார்க்கில் அறிவாற்றல் சோதனை கொண்டுவரப்பட்ட பின் நடந்த ஆய்வும் இதே திசையில்தான் சுட்டியது. காரை விட்டவர் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. நடந்தும் சைக்கிளிலும் அதே சாலைக்குத்தான் வருகிறார், அங்கே அவரைக் காக்க இரும்புக் கூடு இல்லை. அமெரிக்க மாநிலங்களின் விதிகளை ஒப்பிட்டு 2004இல் வெளியான ஆய்வு ஒன்று, 85 வயதைக் கடந்தவர்களின் விபத்து இறப்பைக் குறைப்பதோடு தெளிவாகத் தொடர்புடையதாக ஒரே ஒரு விதியைத்தான் கண்டது: புதுப்பிப்புக்கு நேரில் வர வேண்டும் என்ற விதி.

இதை நம் நாட்டு நடைமுறையோடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 2021 மார்ச் மாதத்தில் மத்திய அரசு, ஆதார் வழியாக அடையாளத்தை உறுதிசெய்து வீட்டிலிருந்தே பெறக்கூடிய 18 சேவைகளை அறிவித்தபோது, தேர்வு தேவைப்படாத உரிமப் புதுப்பிப்பையும் அவற்றுள் சேர்த்தது. வரிசையில் நிற்க இயலாத முதியவருக்கு இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. இடைத்தரகர்களின் பிடியும் தளர்ந்திருக்கிறது. அதே நேரத்தில், ஐந்து ஆண்டுகளில் ஒருமுறையாவது விண்ணப்பதாரரை ஒரு மனிதர் நேரில் பார்க்கும் இடம் மருத்துவரின் அறை ஒன்றுதான் என்றாகிவிட்டது. அங்கேயும் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்றால், முழு ஏற்பாடும் வெறும் தாளாகிவிடும். உங்கள் தந்தையின் அடுத்த சான்றிதழுக்கு நீங்களும் உடன் சென்று, நடந்தவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: லாரி ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். அட்டையில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கின்றன. எது சரி?

பதில்: இரண்டும் சரி. என்டி என்பது சொந்த வாகனங்களுக்கான தேதி, டிஆர் என்பது போக்குவரத்து வாகனங்களுக்கான தேதி. போக்குவரத்து உரிமம் எந்த வயதிலும் 5 ஆண்டுகளுக்கே செல்லும். இனி கனரக வாகனம் ஓட்டப்போவதில்லை என்றால் அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, சொந்தக் காருக்கும் இருசக்கர வாகனத்துக்கும் உரிய பகுதியை மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம். மீண்டும் வாடகை வண்டி ஓட்ட நேர்ந்தாலும் கவலை இல்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்திருக்கிறது.

கேள்வி: அடுத்த ஆண்டு மகன் வீட்டுக்கு வெளிநாடு சென்று பத்து மாதங்கள் தங்கப்போகிறோம். என் கணவருக்கு வயது 68. அங்கே இருக்கும்போதே அவருடைய உரிமம் காலாவதியாகிவிடும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. அந்த அனுமதி உங்கள் கணவரின் இந்திய உரிமத்தின் மேல் நிற்பது. ஓராண்டுக்கோ, இந்திய உரிமம் முடியும் நாள் வரைக்கோ, எது முந்துகிறதோ அதுவரைதான் செல்லும். உரிமம் முடிந்த அன்றே அனுமதியும் முடிந்துவிடும். காலாவதிக்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம் என்ற விதி உங்களைப் போன்றவர்களுக்குத்தான் மிகவும் உதவும்: புறப்படுவதற்கு முன் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு, பின்னர் புதிய உரிமத்தை வைத்து அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். முன்கூட்டிப் புதுப்பித்தால் 5 ஆண்டுகள் புதுப்பித்த நாளிலிருந்தே எண்ணப்படும் என்பதால், பழைய உரிமத்தில் மீதமிருக்கும் சில மாதங்களை இழப்பீர்கள். வெளிநாட்டில் உரிமம் இல்லாமல் நிற்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய இழப்பு இல்லை. பத்து மாதங்கள் என்று சென்றவர்கள் பேரக்குழந்தைகளுக்காகத் தங்கலை நீட்டித்துக்கொள்வதும் நடப்பதுதான். பழைய உரிமத்தோடு போய், காலாவதிக்குப் பின் ஓராண்டு கடந்து திரும்பினால், ஓட்டுநர் தேர்வை முதலிலிருந்து எதிர்கொள்ள நேரும். அனுமதிக்கான விண்ணப்பத்தோடு கடவுச்சீட்டின் நகலையும் வைக்க வேண்டியிருக்கும். அதில் உள்ள பெயரும் உரிமத்தில் உள்ள பெயரும், தலைப்பெழுத்து உட்பட, ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்து, மாறியிருந்தால் புதுப்பிக்கும்போதே திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.